கருவுக்குள் நூல் சிக்காத கதை: நிறமூர்த்தங்களும் புரதங்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழில் உயிரியல் படிப்பிக்கிறேன். கலக்கரு பற்றிய பாடம் தொடங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும். வருடம் மாறினாலும் கேள்வி மாறாது. பிள்ளைகள் மட்டுமல்ல, கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கும் அம்மாமாரும், மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மாமாவும் கேட்பார்கள். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு: நாங்கள் கலம் என்பது உங்கள் செல், கரு என்பது உட்கரு, நிறமூர்த்தம் என்பது குரோமோசோம், பரம்பரையலகு என்பது மரபணு.

மிஸ், நிறமூர்த்தம் எண்டா டி.என்.ஏ. தானே? பிறகேன் புரதத்தை உள்ளுக்கு இழுக்கிறீங்கள்?

நான் இழுக்கவில்லை, அது முதலே அங்கேதான் இருக்கிறது. ஹிஸ்டோன் என்ற ஒரேயொரு புரதக் குடும்பத்தின் நிறையே டி.என்.ஏ.யின் நிறைக்குக் கிட்டத்தட்டச் சமம். மற்றப் புரதங்களையும் சேர்த்தால் நிறமூர்த்தத்தில் பாதிக்கு மேல் புரதம்தான்.

ஹிஸ்டோனை 1884 இல் பிரித்தெடுத்தவர் ஜேர்மனியரான அல்பிரெக்ட் கொசெல். வாத்தின் குருதியில் இருந்து எடுத்தார். எங்களுடைய செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, பறவைகளுடையதில் உண்டு, அதனால்தான் வாத்து. டி.என்.ஏ.யின் புகழ் ஏறிய பிறகு புரதங்கள் வெறும் பொட்டலத் தாள் போல ஆகிவிட்டன. பல பாடநூல்கள் அவற்றுக்கு ஒரு பந்தியோடு கைகழுவுகின்றன. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

ஒரு கலத்துக்குள்ள 2 மீற்றர் டி.என்.ஏ. எண்டு சொல்லுறீங்கள். அவ்வளவுக்கும் உள்ளுக்கு இடம் காணுமா?

காணும், மிச்சமும் இருக்கும். ஏறத்தாழ 7 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள ஒரு கருவைப் பத்தாயிரம் மடங்கு பெருப்பித்தால், பெடியள் ஒழுங்கைக்குள் கிரிக்கெட் அடிக்கும் ரெனிஸ் பந்தின் அளவு வரும். அதே கணக்கில் டி.என்.ஏ. 20 கிலோமீற்றர் நீளும். கோட்டையில் ஒரு நுனியைக் கட்டிவிட்டுக் காலி வீதியால் இழுத்துக்கொண்டு போனால் மொறட்டுவை வரும். ஆனால் அந்த இழையின் தடிப்பு அப்போதும் 20 மைக்குரோமீற்றர்தான். தலைமயிரை விட மெல்லிசு.

கனவளவு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 நனோமீற்றர் தடிப்புள்ள 2 மீற்றர் இழைக்கு ஏறத்தாழ 6 கன மைக்குரோமீற்றர். கருவுக்கு 180. நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் டி.என்.ஏ. ஆகவே “எப்படி அடைத்தார்கள்” என்று வியப்பது கேள்வியைப் பிழையான பக்கம் திருப்பிவிடும். அடைப்பது இலகு. சிக்காமல் வைத்திருப்பதும், கேட்ட துண்டைக் கேட்ட நேரம் எடுத்துக் கொடுப்பதும், கலம் பிரியும்போது சரிபாதியாகப் பிரிப்பதும்தான் வில்லங்கம்.

ஹிஸ்டோனில டி.என்.ஏ. எப்பிடி ஒட்டுது? பசை மாதிரி ஏதும் இருக்கா?

பசை இல்லை, மின்னேற்றம். டி.என்.ஏ.யின் முதுகு முழுக்கப் பொஸ்பேற்று. அது மறை ஏற்றம். ஹிஸ்டோனில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நிறைய. அவை நேர் ஏற்றம். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்களில் இரண்டிரண்டு சேர்ந்து எட்டுப் புரதமுள்ள சின்ன உருளையாகும். அதைச் சுற்றி 147 மூலச்சோடி (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமான டி.என்.ஏ. ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். இந்தக் கட்டுக்கு நியூக்கிளியோசோம் என்று பெயர். வெளியில் இருந்து எச்1 வந்து, இழை உள்ளே நுழைந்து வெளியேறும் இடத்தை அழுத்திப் பிடிக்கும்.

கோர்த்த மணிமாலை போல இது இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரிந்ததும், எட்டுப் புரதக் கணக்கை ரோஜர் கோர்ன்பெர்க் சொன்னதும் 1974 இல். அணு அணுவாகக் கட்டமைப்பு வெளிவந்தது 1997 இல். ஒரு மனிதக் கலத்தில் இப்படி ஏறத்தாழ 3 கோடி உருளைகள். ஏற்றத்தால் பிடிப்பதால் ஒரு வசதி இருக்கிறது: பிடியைத் தளர்த்தவும் இறுக்கவும் முடியும். அது பின்னால் தேவைப்படும்.

எல்லாப் படத்திலயும் நிறமூர்த்தம் எக்ஸ் எழுத்து மாதிரி இருக்கு. கருவுக்குள்ள 46 எக்ஸ் மிதக்குதா?

இல்லை. எக்ஸ் வடிவம் கலம் பிரிகிற சொற்ப நேரத்துக்கு மட்டும். அப்போதும் அது ஒரு நிறமூர்த்தமும் அதன் பிரதியும் மையப்பாத்து (சென்ட்ரோமியர்) என்ற இடத்தில் ஒட்டி நிற்கும் காட்சி. மிச்ச நேரமெல்லாம், அதாவது இடையவத்தையில், ஒவ்வொன்றும் தளர்ந்து பரந்து கிடக்கும். வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயமிட்டுப் பார்த்த எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: பெரும்பாலான கலங்களில் தெரிவது மங்கலான உருண்டைக் கருதான். கோல்கோலாக நிற்கிற கலத்தைத் தேடிக் கண் நோகும்.

படம் எடுக்க வசதியான வேளை அது என்பதால் படமெல்லாம் எக்ஸ் ஆகிவிட்டது. அந்த வேளையில் கலத்தை நிறுத்திப் பிடிக்கக் கொல்சிசின் போடுவார்கள். எங்கள் கார்த்திகைக் கிழங்கில் இருக்கிற நஞ்சும் அதுதான். மனிதருக்கு 48 நிறமூர்த்தம் என்று முப்பது வருடத்துக்கு மேல் நம்பியிருந்தார்கள். கொல்சிசினும் போட்டு, கலத்தை நீரில் ஊதவைத்து, நிறமூர்த்தங்களை விரித்து எண்ணிய ஜியோவும் லெவானும் 1956 இல் 46 என்று திருத்தினார்கள்.

மணிமாலை சுருண்டு 30 நனோமீற்றர் நாராகுது, அது சுருண்டு இன்னும் தடிப்பாகுது எண்டு படிச்சனாங்கள். அது சரியா, பிழையா?

பரீட்சைத் தாளில் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். புள்ளியை இழக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 30 நனோமீற்றர் நார் பெரும்பாலும் சோதனைக் குழாய்க்குள் தெரிந்தது. உயிருள்ள கலத்தின் கருவுக்குள் தேடியவர்களுக்கு அது ஒழுங்காக அகப்படவில்லை. 2017 இல் டி.என்.ஏ.க்கு விசேட சாயமேற்றிப் பார்த்தபோது 5 முதல் 24 நனோமீற்றர் வரை தடிப்பு மாறி மாறி, ஒழுங்கில்லாமல் வளைந்து நெளியும் சங்கிலிதான் தெரிந்தது. இறுக்கமான இடத்தில் அது நெருங்கிக் கிடக்கிறது, தளர்ந்த இடத்தில் ஐதாகக் கிடக்கிறது. கயிறு திரிப்பது போன்ற அழகான படிக்கட்டு படம் வரைய நல்லது, அவ்வளவுதான்.

வீட்டில வாழைப்பழத்தில டி.என்.ஏ. எடுத்தனாங்கள். அந்த வெள்ளை நூலில புரதமும் இருக்குமா?

இருக்கும். பழத்தை மசித்து, பாத்திரம் கழுவும் திரவமும் உப்பும் போட்டு, துணியில் வடித்து, குளிரான ஸ்பிரிட்டைக் கிளாஸின் ஓரத்தால் மெல்ல விட்டால், இரண்டு படைக்கும் இடையில் சளி போல வெள்ளையாக மிதந்து வரும். ஈர்க்கில் சுற்றி எடுக்கலாம். சவர்க்காரத் திரவம் மென்சவ்வுகளை உடைக்கிறது. உப்பு ஏற்றங்களுக்கு நடுவில் புகுந்து, மேலே சொன்ன பிடியைத் தளர்த்துகிறது. ஆனால் ஹிஸ்டோனை முழுக்கக் கழற்றக் கடல்நீரை விட மூன்று மடங்குக்கு மேல் உப்பு வேண்டும். குசினியில் ஒரு கரண்டி உப்புக்கு அது விடாது. கொஞ்சம் அன்னாசிச் சாறு விட்டுப் பாருங்கள். அதிலுள்ள நொதியம் புரதத்தை வெட்டும். ஒன்று மட்டும்: ஈர்க்கில் சுற்றியது ஒரு நூல் அல்ல, கோடிக்கணக்கானவை சேர்ந்த திரள். வாழைப்பழத்தின் பெக்ரின் என்ற பசையும் அதில் கலந்திருக்கும்.

இதே வேலையை மிகக் கவனமாகச் செய்து 1977 இல் ஒரு படம் எடுத்தார்கள். பிரிகிற கலத்தின் நிறமூர்த்தத்தில் இருந்து ஹிஸ்டோன்களை மட்டும் உரித்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தார்கள். டி.என்.ஏ. எல்லாப் பக்கமும் கண்ணிகண்ணியாக வெடித்துப் பரந்து கிடந்தது. நடுவிலோ கருமையான ஒரு புரதக் கூடு, நிறமூர்த்தத்தின் அதே வடிவத்தில்! உடுப்பைக் களைந்த பிறகும் உருவம் போகவில்லை. அந்தக் கூட்டில் இருந்த முக்கியமான இரண்டு புரதங்களைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம். வகுப்பில் நான் கட்டாயம் காட்டுகிற படம் இது.

இவ்வளவு நீள நூல் ஒண்டோட ஒண்டு முடிச்சு விழாதா?

விழும். தீபாவளிக்கும் வெசாக்குக்கும் பெட்டிக்குள் இருந்து எடுக்கிற மின்குமிழ் மாலையை நினையுங்கள். யாரும் முடிச்சுப் போடாமலே முடிச்சு விழுந்திருக்கும். மணித்தியாலக் கணக்கில் குந்தியிருந்து நுனியைத் தேடுவோம். கலத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. ரொப்போஐசோமரேசு 2 என்ற நொதியம் ஒரு டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் வெட்டி, வெட்டுமுனைகளைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு, மற்ற டி.என்.ஏ.யை அந்த இடைவெளியால் விட்டு, திரும்ப ஒட்டிவிடும். வயரை வெட்டி ஒட்டினாலும் குமிழ் அணையாத மாதிரி. செலவு, கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி. கொஞ்சம்.

வெட்டிய நிலையில் அதைச் சிக்கவைத்தால்? டி.என்.ஏ. உடைந்தபடி கிடக்கும், கலம் சாகும். எற்றோபொசைட், டொக்சோறூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் வேலை செய்வது பெரும்பாலும் இப்படித்தான். வேகமாகப் பிரிகிற கலத்துக்கு இந்த நொதியம் கூடத் தேவை, அதனால் அடியும் கூட. மயிர் கொட்டுவதும் அதே காரணத்தால்தான். மயிர்க்கால் கலங்களும் வேகமாகப் பிரிபவை.

கோஹீசின், கொண்டென்சின் ரெண்டும் எனக்கு மாறி மாறி வருது. ஒண்டுதானே?

ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆள் வேறு. இரண்டும் மோதிரம் போல வளைந்த பெரிய புரதக் கூட்டுகள்; இரண்டும் ஏ.ரி.பி.யில் ஓடுபவை, இரண்டையும் பற்றிய முக்கியமான ஆய்வுகள் 1997 இல் வெளிவந்தன. கோஹீசின் இரட்டிப்பான இரண்டு பிரதிகளையும் ஒன்றாகக் கோர்த்து வைத்திருக்கும், இடையவத்தையில் டி.என்.ஏ.யைக் கண்ணி கண்ணியாக மடிக்கவும் செய்யும். கொண்டென்சின் கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தை இறுக்கிக் கட்டும். வாழைப்பழக் கேள்வியில் வந்த புரதக் கூட்டில் இருப்பது கொண்டென்சினும் ரொப்போஐசோமரேசும். கோர்ப்பது கோஹீசின், கட்டுவது கொண்டென்சின். ககரத்தை வைத்து இப்படிப் பாடமாக்கின பிள்ளைகள் மாறி எழுதியதில்லை.

மோதிரம் நூலைக் கண்ணி கண்ணியா இழுக்குது எண்டுறது கற்பனையா, ஆராவது கண்டவையா?

கண்டார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் 2018 இல். ஒரு டி.என்.ஏ. இழையின் இரண்டு நுனிகளையும் கண்ணாடித் தட்டில் ஒட்டி, ஒளிரும் சாயம் பூசி, ஈஸ்ற்றின் கொண்டென்சினையும் ஏ.ரி.பி.யையும் விட்டார்கள். இழையில் ஓரிடத்தில் சின்ன ஒளிப்பொட்டு. அது பெருத்துக்கொண்டே போனது, மற்றப் பக்கத்து இழை இறுகிக்கொண்டே வந்தது. பக்கவாட்டில் நீரோட்டம் விட்டவுடன் அந்தப் பொட்டு நீண்ட கண்ணியாக விரிந்தது. வேகம் செக்கனுக்கு 1500 மூலச்சோடி வரை. அடுத்த வருடம் மனிதக் கோஹீசினும் அப்படியே செய்வது தெரிந்தது. ஆனால் அதற்கு என்.ஐ.பி.பி.எல். என்ற துணைப் புரதம் கூட நிற்க வேண்டும்.

இதற்கு நான் சொல்லும் உதாரணம் சேலை. கொய்யகம் (கொசுவம்) வைக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் துணியைப் பிடித்து, மடித்து, உள்ளே எடுத்து, திரும்பப் பிடிக்கும். அவ்வளவு துணியும் ஒரு பிடிக்குள் வந்துவிடும், ஒரு சிக்கும் இல்லாமல். கையை விட்டால் அப்படியே விரியும். சுருட்டிப் பெட்டிக்குள் திணித்த சேலைக்கும் கொய்யகம் வைத்த சேலைக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பாடத்தின் உயிர். உதாரணம் பிழைக்கிற இடமும் உண்டு: கோஹீசின் ஒருதரம் மடித்துவிட்டு ஓய்வதில்லை. டபிள்யூ.ஏ.பி.எல். என்ற புரதம் வந்து கழற்றிவிடும், வேறிடத்தில் திரும்ப ஏறும். நாள் முழுக்க யாரோ உங்கள் கொய்யகத்தை அவிழ்த்து அவிழ்த்து வைப்பது போல.

சரி, எந்த இடத்தில நிப்பாட்ட வேணுமெண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?

சட்டைப்பின். அதாவது சி.ரி.சி.எஃப். என்ற புரதம். நாகத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் 11 அதற்கு உண்டு (இந்த நாகம் உலோகம், பாம்பில்லை, ஒரு மாணவன் உண்மையாகவே கேட்டான்). அவற்றால் டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட ஒரு எழுத்துத் தொடரை வாசித்துப் பிடித்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டு வரும் கோஹீசின் அதில் முட்டினால் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால் அந்த எழுத்துத் தொடருக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. 2014 இல் மனிதக் கலங்களில் ஆயிரக்கணக்கான கண்ணிகளைப் படமிட்டபோது, பெரும்பாலான கண்ணிகளின் இரண்டு அடிகளிலும் சி.ரி.சி.எஃப். தொடர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. முதுகு காட்டி நிற்கும் சோடிகள் அரிதிலும் அரிது. தொடரின் திசையைத் திருப்பி வைத்தால் கண்ணி மாறிப்போகிறது. ஒருவழிப் பாதைப் பலகை மாதிரி: ஒரு பக்கத்தால் வந்தால் மறிக்கும், மறுபக்கத்தால் வந்தால் பேசாமல் விடும்.

நுணுக்குக்காட்டியில தெரியாத மடிப்பை எப்பிடிப் படமிட்டவை?

ஹை-சி என்ற முறை, 2009 இல் வந்தது. கலத்தைப் போமலினில் போட்டால் அருகருகே இருக்கும் டி.என்.ஏ.யும் புரதமும் அப்படியே பிணைந்து நிற்கும். பிறகு டி.என்.ஏ.யைத் துண்டு துண்டாக வெட்டி, பக்கத்தில் கிடக்கும் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, எழுத்து எழுத்தாக வாசிப்பார்கள். நூலில் தூரத்தூர இருக்க வேண்டிய இரண்டு துண்டுகள் ஒட்டியபடி வந்தால், கருவுக்குள் அவை அயலவர் என்று அர்த்தம். கோடிக்கணக்கான சோடிகளைக் கூட்டினால் யார் யாருக்குப் பக்கம் என்ற வரைபடம் கிடைக்கும். 2012 இல் அந்த வரைபடத்தில் தெளிவான வட்டாரங்கள் தெரிந்தன: உள்ளுக்குள் தாராளமாகத் தொடர்பு, எல்லை தாண்டினால் அரிது.

ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் கருவுக்குள்ள தனி அறை இருக்கா?

சுவர் இல்லை, ஆனால் காணி இருக்கிறது. ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் ஒவ்வொரு நிறச் சாயம் கொடுத்தால் கரு முழுக்கத் திட்டுத் திட்டாக நிறம் தெரியும்; அரைத்துக் கலந்த சட்னி போல இருக்காது. மனிதரின் 18ஆம், 19ஆம் நிறமூர்த்தங்கள் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோல. ஆனால் பரம்பரையலகுகள் நெருக்கமாக உள்ள 19 நடுப்பக்கம் நிற்கும், ஐதாக உள்ள 18 கரையோரம் ஒதுங்கும்.

கரை என்பது கருவுறையின் உட்பக்கம். அங்கே லமின் என்ற புரதம் வலை போல விரிந்திருக்கிறது. வேலை குறைந்த டி.என்.ஏ. பகுதிகள் பெரும்பாலும் அந்த வலையில் ஒட்டிக் கிடக்கும்.

எல்லாக் கலத்திலயும் ஒரே டி.என்.ஏ. எண்டா கண்ணும் ஈரலும் ஏன் வேற வேற? புரதத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

காலி வீதியில் புடவைக்கடைக்குப் போயிருப்பீர்கள். இருப்பு எல்லாம் கடையில்தான் இருக்கிறது. ஆனால் மேசையில் விரித்திருப்பதைத்தான் நீங்கள் வாங்குவீர்கள். மேல்தட்டில் கயிறு கட்டி வைத்ததைக் கேட்கவே மாட்டீர்கள். ஈரல் கலம் விரித்து வைத்திருப்பது ஒன்று, கண் கலம் விரித்து வைத்திருப்பது இன்னொன்று. ஹிஸ்டோனின் வாலில் உள்ள லைசினுக்கு அசற்றைல் கூட்டம் ஒன்றை ஒட்டினால் நேர் ஏற்றம் போய்விடும், பிடி தளரும், வாசிக்கும் நொதியங்கள் உள்ளே வரும். எச்3 இன் 9ஆவது லைசினில் மூன்று மெதைல் ஒட்டினால், எச்.பி.1 என்ற புரதம் அதைத் தேடி வந்து பிடித்து, அந்தப் பகுதியைப் பூட்டிவிடும்.

இந்த ஒழுங்கு எவ்வளவு வளையக்கூடியது என்பதற்கு எலியின் கண் சாட்சி. வழக்கமாக இறுக்கமான பகுதி கரையில், தளர்ந்தது நடுவில். எலியின் விழித்திரைக் கோல் கலங்களிலோ இறுக்கமான பகுதி நடுவில் ஒரே உருண்டையாகத் திரண்டு நிற்கிறது. 2009 இல் இதை ஆராய்ந்தவர்கள், அந்த உருண்டை ஒளியைக் குவிக்கும் சின்ன வில்லையாக வேலை செய்வதைக் காட்டினார்கள். இரவில் நடமாடும் பிராணிக்குக் கிடைக்கும் சொற்ப வெளிச்சமும் சிதறாமல் போகும். அந்தக் கலங்களில், இறுக்கமான டி.என்.ஏ.யைக் கரையில் கட்டிவைக்கும் புரதங்கள் இல்லை. கட்டு அவிழ்ந்ததும் அது தானாக நடுவுக்குப் போய்விடுகிறது.

மூண்டு நிறப் பூனை எண்டா பெட்டைதானாம். அம்மம்மா சொல்லுறது உண்மையா?

அம்மம்மா சொன்னது சரி. செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு பூனையின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு கலமும் அதில் ஒன்றைச் சுருக்கி மூடிவிடும். எதை மூடுவது என்பதைப் பூனை தாயின் வயிற்றில் சின்ன முளையமாக இருக்கும்போது கலங்கள் கண்டபாட்டுக்குத் தீர்மானிக்கின்றன. பிறகு அவற்றின் பேரப்பிள்ளைக் கலங்களும் அதையே பின்பற்றும். அதனால் ஒரு திட்டு செம்மஞ்சள், ஒரு திட்டு கறுப்பு. வெள்ளை வேறு பரம்பரையலகின் வேலை. எங்கள் ரயில் பாதைச் சுவரில் படுத்திருக்கும் பூனையின் முதுகு, டி.என்.ஏ. சுருட்டலை வெறுங்கண்ணால் காட்டும் வரைபடம். கடுவனுக்கு ஒரு எக்ஸ்தான், அதை மூட முடியாது. மூன்று நிறக் கடுவன் அரிதாகத்தான் பிறக்கும். பார்த்தால் பெரும்பாலும் எக்ஸ் ஒன்று கூடியிருக்கும்.

மூடிய எக்ஸ் பெரும்பாலும் கருவின் ஓரத்தில் கரும்பொட்டாகத் தெரியும். 1949 இல் பார் என்பவரும் பேர்ட்ரம் என்பவரும் அதைக் கண்டது பூனையின் நரம்புக் கலத்தில்தான். காரணத்தை 1961 இல் சொன்னவர் மேரி லயன். மூடும் வேலையைத் தொடக்குவது புரதம் அல்ல, எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.யைப் பார்த்து எடுக்கும் பிரதி); அது நிறமூர்த்தத்தைப் போர்த்திக்கொண்டு புரதங்களைக் கூப்பிடும்.

எனக்கு 38 வயசு. வயசு போன தாய்க்கு டவுண் சின்ட்ரோம் பிள்ளை கூடப் பிறக்கும் எண்டுறதுக்கும் இந்தக் கோஹீசினுக்கும் சம்பந்தம் இருக்கெண்டு மகள் சொல்லுறாள்.

மகள் நன்றாகப் படிக்கிறாள் அக்கா. ஆணின் விந்து வயது வந்த பிறகு தொடர்ந்து புதிதாக உருவாகும். பெண்ணின் முட்டைக் கலங்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, பத்துப் பதினைந்து, முப்பது நாற்பது வருடம் காத்திருக்கும். அவ்வளவு காலமும் நிறமூர்த்தங்களைக் கோர்த்து வைத்திருப்பது அப்போது போட்ட கோஹீசின்தான். எலிகளில் செய்த பரிசோதனைகளில் அது பிறகு புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை. வயதோடு குறைந்துகொண்டு போகிறது. கோர்வை தளர்ந்தால் 21ஆம் நிறமூர்த்தம் சரியாகப் பிரியாமல் போகலாம்; பிள்ளைக்கு அது ஒன்று கூடிவிட்டால் டவுண் சின்ட்ரோம். ஒரே காரணம் இது என்று சொல்ல முடியாது, முக்கியமான ஒன்று.

40 வயதில் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 100 இல் 1. அதாவது 99 பேருக்கு அப்படி இல்லை. மிச்சத்தை உங்கள் மகப்பேற்று வைத்தியரிடம் கேளுங்கள். ரியூசன் மிஸ்ஸிடம் அல்ல.

இந்தப் புரதங்கள் பிழைச்சா வேற என்ன வருத்தம் வரும்?

மேலே வந்த என்.ஐ.பி.பி.எல்.லில் மாற்றம் வந்தால் கோர்னேலியா டி லாங்கே சின்ட்ரோம். பிறக்கும்போதே வளர்ச்சிக் குறைபாடு, இணைந்த புருவம், சிலருக்குக் கைகளில் குறை. 2004 இல் காரணம் தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் கலம் பிரிவது அவ்வளவு கெடுவதில்லை. வளரும் காலத்தில் பரம்பரையலகுகளின் ஒழுங்குதான் பிசகுகிறது.

லமின் பிழைத்தால் புரொஜீரியா, சிறுவயதிலேயே முதுமை தட்டும் நோய். லமின் பரம்பரையலகில் ஒரேயொரு எழுத்து மாறுவதால் புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் விடுபட்டு, அது கருவுறையில் ஒட்டினபடியே கிடந்து கருவின் உருவத்தையே கோணலாக்குகிறது. 2003 இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஒட்டலைத் தடுக்கும் லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு 2020 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுகப்படுத்தாது, ஆயுளைக் கூட்டும்.

புரதச்சத்துக் கூடச் சாப்பிட்டா நிறமூர்த்தம் பலமாகுமோ பிள்ளை?

இல்லை மாமா. சாப்பிட்ட புரதம் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலமாக உடைந்துவிடும். எந்தப் புரதம் கட்டுவது என்பதைக் கலம் தீர்மானிக்கும், பால்மா பேணியில் ஒட்டின விளம்பரம் அல்ல.

கோஹீசினை முழுக்க அகற்றினா எல்லாம் குழம்ப வேணுமே. பெரிசா ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஒரு காணொளியில சொன்னவை. அப்ப நீங்கள் சொன்ன கதை?

இது எனக்குப் பிடித்த கேள்வி. 2017 இல் மனிதப் பெருங்குடற் புற்றுநோய்க் கலங்களில் கோஹீசினின் ஒரு பாகத்துக்கு ஒரு குறியை ஒட்டி, ஒட்சின் விட்டால் அது அழியும்படி செய்தார்கள். தாவரப் பாடத்தில் தண்டை வளைக்கிற அதே ஒட்சின்தான். சில மணித்தியாலத்தில் கண்ணிகள் அத்தனையும் மறைந்தன. ஒட்சினைக் கழுவினவுடன் திரும்பி வந்தன. ஆனால் கண்ணிகள் இல்லாத அந்த நேரத்தில் மிகச் சில பரம்பரையலகுகளின் வேலைதான் பெரிதாக மாறியது. எச்.பி.1 பூட்டிய பகுதிகளும் திறந்த பகுதிகளும் பிரிந்து நிற்பதும் குலையவில்லை, இன்னும் தெளிவாகியது.

ஒன்று விளங்குகிறது: இறுக்கமானது இறுக்கமானதோடு சேர்வது ஒரு ஒழுங்கு, கண்ணி இழுப்பது இன்னொரு ஒழுங்கு, இரண்டும் வேறு வேறு. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தொடரக் கண்ணி அவ்வளவு தேவையில்லை. புதிதாக ஒன்றைத் தொடக்கத்தான் தேவை. கிருமி வந்ததும் விழித்தெழ வேண்டிய வெண்குருதிக் கலங்களில் கோஹீசினை எடுத்தபோது, புதிதாக எழும்ப வேண்டிய பரம்பரையலகுகள் சரியாக எழும்பவில்லை. என் கதையும் நிற்கிறது, காணொளியும் பொய் சொல்லவில்லை.

பற்றீரியாவுக்குக் கருவே இல்லையே, அது என்ன செய்யும்?

பெரும்பாலானவற்றுக்கு ஹிஸ்டோன் இல்லை. எச்.யு. போன்ற சின்னப் புரதங்கள் டி.என்.ஏ.யை வளைக்கும், கொண்டென்சினின் உறவுக்காரர் ஒருவரும் அங்கே இருக்கிறார். மோதிரக் குடும்பம் கருவை விடப் பழசு.

கடைசியா ஒண்டு மிஸ். ஹிஸ்டோனைக் கட்டுற செய்தி டி.என்.ஏ.க்குள்ள. டி.என்.ஏ.யை ஒழுங்குபடுத்துறது ஹிஸ்டோன். அப்ப எது முந்தி?

உயிர் தோன்றிய காலத்துக் கதையை விட்டுவிட்டு, உங்கள் கதையைச் சொல்கிறேன். விந்துக் கலத்துக்குள் ஹிஸ்டோனின் பெரும்பகுதி கழற்றப்பட்டு, புரொட்டமின் என்ற இன்னும் சின்னப் புரதம் வைக்கப்படும். தலை சிறுக்க வேண்டும், நீந்த வேண்டும். அந்தப் பயணத்தில் எந்தப் பரம்பரையலகையும் வாசிக்கத் தேவையில்லை. சேலையை உண்மையாகவே பெட்டிக்குள் அடைக்கிற இடம் இது ஒன்றுதான்.

முட்டைக்குள் போனதும் புரொட்டமின் கழற்றி எறியப்படும். உடனே ஹிஸ்டோன் வேண்டும், ஆனால் புதுக்கலத்தின் பரம்பரையலகுகள் இன்னும் விழிக்கவில்லை. முட்டை அதை முன்னமே செய்து சேமித்து வைத்திருக்கிறது. அப்பாவிடம் இருந்து வந்த 23 நிறமூர்த்தங்களும் முதன்முதலில் சுற்றிக்கொண்டது அம்மாவின் ஹிஸ்டோனை.